மஸில்லோடர்ல புகையில்லா மருந்தும் கரிமருந்து மாற்றும் ஒண்ணா? குழம்பிப் போயிருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

எழுத்தாணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் துப்பாக்கி ஆள் கிடையாது, சுட்டதும் இல்ல, சுடுற ஐடியாவும் இல்ல. பொழுது போகாம விக்கிக்கு கட்டுரை எழுதுற ஆளு. இப்போ மஸில்லோடர் பத்தி, அதாவது குழலோட வாய் வழியா வெடிமருந்தையும் குண்டையும் போட்டு கம்பியால இடிச்சு கெட்டிக்கிற பழைய துப்பாக்கி பத்தி எழுதிட்டு இருக்கேன். கரிமருந்து வரைக்கும் வண்டி நல்லா ஓடுச்சு, வெடியுப்பு, கந்தகம், கரின்னு எல்லாம் சரி. அதுக்கப்புறம் மாற்று மருந்துன்னு ஒரு பகுதி வருது பாருங்க, அங்க தான் முட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒரு இடத்துல பைரோடெக்ஸ்ங்கிறான், இன்னொரு இடத்துல ஷுல்ட்ஸ மருந்துங்கிறான், ஒருத்தர் மஸில்லோடர்ல புகையில்லா மருந்து போட்டா குழல் பிளந்துடும்னு எழுதுறார், அடுத்தவர் 2000லயே புகையில்லா மருந்துக்குன்னே மஸில்லோடர் வந்தாச்சுன்னு எழுதுறார். ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்?

எனக்கு பெரிய சந்தேகம் ஒண்ணு இருக்கு. புகையில்லா மருந்து 1880கள்லயே வந்துடுச்சு. அப்புறம் எதுக்கு 1976ல ஒருத்தன் உக்காந்து கரிமருந்துக்கு புதுசா மாற்று கண்டுபிடிச்சான்? நடுவுல 90 வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

---

பழைய_இரும்பு பதில்:

வாங்க நண்பா, நல்ல இடத்துல தான் முட்டியிருக்கீங்க, இங்க முட்டாதவன் கிடையாது. குழப்பத்துக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு தான், "புகையில்லா மருந்து"ங்கிறதும் "கரிமருந்து மாற்று"ங்கிறதும் ரெண்டு தனி குடும்பம், இடையில ஒரு கல்யாண சம்பந்தம் வேணா இருக்கு, அதுக்கு கடைசியா வரேன். பைரோடெக்ஸை புகையில்லா மருந்துன்னு மட்டும் எழுதிடாதீங்க, அதை ஒரு தடவை சுட்டுப் பார்த்தவன் சிரிப்பான், அவ்வளவு புகை வரும்.

முதல்ல கரிமருந்தோட தொல்லை என்னன்னு புரிஞ்சா தான் மீதி புரியும். எரிஞ்ச பிறகு அதோட எடையில பாதிக்கு மேல வாயுவா மாறவே மாறாது, உப்பும் கசடுமா நிக்கும், கொஞ்சம் வெள்ளைப் புகையா வெளிய போகும், மீதி குழலுக்குள்ளயே ஒட்டிக்கும். நான் அமெரிக்கால நண்பர் ஒருத்தரோட ரேஞ்சுல முதல் தடவை சுட்டப்போ நாலு குண்டு வரைக்கும் ராஜா மாதிரி இருந்தேன், அஞ்சாவது குண்டு பாதி வழியிலயே இறுகிடுச்சு, கம்பியை அமுக்கி அமுக்கி உள்ளங்கை செவந்து போச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே "நடுவுல துடைக்கணும்யா"ன்னார். வீட்டுக்கு வந்து பக்கெட்ல சோப்பு போட்ட சுடுதண்ணியில குழலோட அடிப்பக்கத்தை முக்கி, கம்பி நுனியில துணியைச் சுத்தி பம்பு அடிக்கிற மாதிரி மேலயும் கீழயும் இழுத்தா, முதல் தண்ணி மை மாதிரி வருது, அழுகின முட்டை நாத்தம் வேற, அந்தப் பக்கெட்டை அதுக்கப்புறம் வீட்ல யாரும் தொடல. கந்தகம் இருக்கிற வரைக்கும் அந்த நாத்தமும் இருக்கும். நல்லா படிச்சுக்கோங்க, மாற்று தேடின எல்லாருமே இந்த பக்கெட்ல இருந்து தப்பிக்கத் தான் பார்த்தாங்க.

இப்போ வரலாறு. 1846ல சுவிட்சர்லாந்து பாசல்ல ஷோன்பைன்ங்கிற வேதியியல்காரர் பஞ்சை அமிலத்துல ஊற வெச்சு வெடிபஞ்சு செஞ்சார், சமையக்கட்டுல கொட்டின அமிலத்தை பொண்டாட்டியோட ஏப்ரன்ல துடைச்சு காயப் போட்டார், அது பொசுக்குன்னு காணாமப் போச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க, அது உண்மையோ கட்டுக்கதையோ, ஆனா அதே வருஷம் பிராங்க்பர்ட்ல பாட்கரும் தனியா அதையே பண்ணிட்டார். அப்போ ராணுவங்க கையில இருந்ததெல்லாம் பெரும்பாலும் மஸில்லோடர் தான்ங்கிறதை மறந்துடாதீங்க. அதனால "புகை இல்லாத மருந்து மஸில்லோடர்ல போகுமா"ங்கிற கேள்வி 1976ல பொறந்தது கிடையாது, 1846லயே பொறந்துடுச்சு. பதில் தான் அப்போ கசப்பா இருந்துச்சு. 1847 ஜூலை 14 இங்கிலாந்துல ஃபேவர்ஷாம்ல வெடிபஞ்சு தொழிற்சாலை வெடிச்சு சுமார் 20 பேர் செத்தாங்க, அடுத்த வருஷம் பிரான்ஸ்லயும் விபத்து. மத்தவன்லாம் கையைக் கழுவிட்டான், ஆஸ்திரியா மட்டும் விடல, அங்க லெங்க்னு ஒரு அதிகாரி பஞ்சை நூலா திரிச்சு, நல்லா அலசி, பீரங்கிக்கே கொண்டு போயிட்டார். அங்கயும் 1862லயும் 1865லயும் கிடங்கு வெடிச்ச உடனே கதை முடிஞ்சுது. பஞ்சுல ஒட்டிக்கிட்டிருந்த மிச்ச அமிலம் தான் வில்லன், ஏபல்னு ஆங்கிலேயர் 1865ல அதைக் கூழா அரைச்சு அலசினா அமிலம் போகும்னு காட்டினார். அது கிடங்குல பத்திரமா இருக்கிறதுக்கான வழி மட்டும் தான். துப்பாக்கிக்குள்ள அது இன்னும் முரட்டுத்தனமா தான் எரிஞ்சுது.

அதுக்கு அடுத்து வந்தவர் தான் உங்க ஷுல்ட்ஸ. பிரஷ்ய பீரங்கிப் படை கேப்டன். 1860கள்ல பஞ்சுக்குப் பதிலா மரத்தை எடுத்தார், மரத்துண்டு மெதுவா எரியும்னு. அந்த மருந்தை அப்புறம் இங்கிலாந்துல நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள்ள தொழிற்சாலை வெச்சு வேட்டைக்காரங்களுக்கு வித்தாங்க. 1882ல ஸ்டோமார்க்கெட்ல இருந்து ஈ.சி. மருந்து வந்துச்சு, அதுவும் ரவை போடுற ஷாட்கன்னுக்குத் தான். இந்த ரெண்டையும் ஏன் விடாம சொல்றேன்னா, இதுங்க "பல்க்" மருந்து. கரிமருந்து அளக்கிற அதே பித்தளைக் குப்பியில அதே அளவு அள்ளிக்கலாம், எடை கம்மி ஆனா இடம் அதே இடம், வேலையும் கிட்டத்தட்ட அதே வேலை. என்னைக் கேட்டா கரிமருந்துக்கு முதல் உண்மையான மாற்று இது தான், பைரோடெக்ஸ் கிடையாது. ஷாட்கன் தோட்டா டப்பாவுல இன்னைக்கும் "டிராம் ஈக்விவலன்ட்"னு போட்டிருப்பான், டிராம்ங்கிறது பழைய எடை அளவு, இத்தனை டிராம் கரிமருந்து குடுக்கிற வேகத்துக்கு சமம்னு அர்த்தம். கரிமருந்து போய் நூறு வருஷம் ஆச்சு, அந்தக் குப்பி மட்டும் அட்டைப்பெட்டி மேல இன்னும் உக்காந்திருக்கு.

1884ல பிரான்ஸ்ல பால் வியேய் வெடிபஞ்சை ஜெல்லி ஆக்கி, தகடாத் தட்டி, துண்டு துண்டா வெட்டினார், அது பூத்ர் பி, 1886 லெபெல் துப்பாக்கி அதுக்குன்னே வந்தது. நோபெலோட பாலிஸ்டைட் 1887, பிரிட்டிஷ் கார்டைட் 1889. இதுங்கள்லாம் அடர்த்தி மருந்து. கரிமருந்துக் குப்பியில பாலிஸ்டைட்டை நிரப்பினவன் கதை என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. அந்தக் காலத்துல பல ஷாட்கன் வெடிச்சதே மருந்து மாறினது தெரியாம பழைய குப்பியில அளந்ததால தான்.

90 வருஷ கேள்விக்கு பதில் சுருக்கமா இதான்: 1890கள்ல உலகமே தோட்டாவுக்குப் போயிடுச்சு, மஸில்லோடர் பரண்ல ஏறிடுச்சு. பரண்ல கிடக்கிறதுக்கு யார் மருந்து கண்டுபிடிப்பாங்க? மீதியை ராத்திரி வந்து எழுதுறேன், இப்போ வேலை இருக்கு.

---

அமிலக்குடுவை பதில்:

பழைய இரும்பு அண்ணன் வர்றதுக்குள்ள "குழல் பிளந்துடும்" விஷயத்தை நான் சொல்லிடுறேன், வேதியியல் என் ஏரியா. நிறைய பேர் புகையில்லா மருந்துக்கு பவர் ஜாஸ்தி அதனால வெடிக்குதுன்னு முடிச்சுக்குவாங்க, அது பாதி உண்மை தான். பவர் ஜாஸ்தின்னா கம்மியா போட்டாப் போச்சேன்னு ஒருத்தன் கேப்பான், அந்த நினைப்புல கை போனவன் இருக்கான்.

விஷயம் எரியுற விதத்துல இருக்கு. கரிமருந்து எரியுற வேகம் சுத்தியிருக்கிற அழுத்தத்தைப் பெருசா கண்டுக்காது, குழலுக்குள்ள அழுத்தம் ஏறினாலும் அது தன் போக்குல தான் எரியும். அந்த விஷயத்துல பரம சாது. புகையில்லா மருந்துக்குள்ள இருக்கிற நைட்ரோசெல்லுலோஸ், அதான் அண்ணன் சொன்ன வெடிபஞ்சு, அப்படி இல்ல, அழுத்தம் ஏற ஏற அதோட எரியுற வேகமும் கூடவே ஏறும், வேகம் ஏறினா வாயு ஜாஸ்தி, வாயு ஜாஸ்தின்னா அழுத்தம் இன்னும் ஜாஸ்தி, அது திரும்ப வேகத்தை ஏத்தும், இப்படி ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே போகும். இந்த உறவைக் கணக்காப் போட்டவரும் அதே வியேய் தான், அந்த விதிக்கு அவர் பேர் தான். தோட்டாவுல இதைக் கட்டுப்படுத்தலாம், தொழிற்சாலையில அளந்து, ஒரே மாதிரி குண்டு, ஒரே மாதிரி பித்தளை உறை, ஒரே ஆழம். மஸில்லோடர்ல கெட்டிக்கிறது கை. இன்னைக்கு ஒரு அமுக்கு, நாளைக்கு ஒரு அமுக்கு, குண்டு ஒரு விரல் மேல நின்னா கூட கணக்கு மாறிடும். இதுல குழல் இரும்பும் பெரும்பாலும் மிருதுவானது, கடைசல் பிடிக்க லேசா இருக்கட்டும்னு செஞ்சது, பின்னாடி அடைப்பு மரையும் கரிமருந்து அழுத்தத்துக்குப் போட்டது.

அதனால எழுத்தாணி, கட்டுரையில சாதாரண மஸில்லோடர்ல புகையில்லா மருந்து எந்த அளவுலயும் கூடாதுன்னு ஒரு வரி கட்டாயம் போடுங்க. "கொஞ்சமா போட்டா"ன்னு ஒரு வார்த்தை கூட வர வேணாம். கரிமருந்தோட கலந்து போடுறதும் அதே ரகம் தான்.

---

நைட்ஷிப்ட் பதில்:

படிச்சிட்டே வந்தேன், ஒரு சின்ன தகவல். 1890கள் கடைசியில இருந்து கொஞ்ச காலம் ரெண்டுங்கெட்டான் மருந்தும் இருந்துச்சு, அமெரிக்கால கிங்ஸ் செமி ஸ்மோக்லெஸ், அப்புறம் டூபாண்ட் லெஸ்மோக். கரிமருந்தும் நைட்ரோசெல்லுலோஸும் தொழிற்சாலையிலயே ஒண்ணா சேர்த்து செஞ்சது, குறி பார்த்து சுடுறவங்க ரொம்ப விரும்பினாங்க. லெஸ்மோக் பாயிண்ட் டூ டூ தோட்டாவுல 1940கள் வரைக்கும் ஓடுச்சு. "லெஸ் ஸ்மோக்"கை அப்படியே சுருக்கி லெஸ்மோக்னு பேர் வெச்சவனுக்கு யார் சம்பளம் குடுத்தாங்களோ.

---

பழைய_இரும்பு பதில்:

வந்துட்டேன். அமிலக்குடுவை தம்பி அழகா சொல்லிட்டார், அதுல நான் கை வைக்கல. தம்பி கடைசியா எழுதின வரியை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க.

பரண்ல ஏறின மஸில்லோடரை இறக்கினது யார்னா பொழுதுபோக்குக்காரங்க தான். அமெரிக்கால 1933லயே தேசிய மஸில்லோடிங் ரைபிள் சங்கம் ஆரம்பிச்சாங்க, 1950ல உள்நாட்டுப் போர் துப்பாக்கி வெச்சு போட்டி நடத்துற நார்த் சவுத் ஸ்கர்மிஷ் சங்கம், அப்புறம் அந்தப் போரோட நூற்றாண்டு 1961ல இருந்து 65 வரைக்கும் கொண்டாடினப்போ கூட்டம் சேர்ந்துடுச்சு. துப்பாக்கி புதுசா செஞ்சு விக்க ஆளு வந்தாச்சு, மருந்து தான் பிரச்சனை. கரிமருந்து தட்டினா, உரசினா, சின்னப் பொறி பட்டா கூட பத்திக்கிற சாமான், சட்டத்துல அது வெடிபொருள். 1970ல அமெரிக்கா வெடிபொருள் சட்டத்தை இறுக்கினப்போ இவங்களுக்கு 5 பவுண்டு வரைக்கும் தான் விலக்கு, அப்புறம் சத்தம் போட்டு அதை 50 பவுண்டு ஆக்க வெச்சாங்க. கடைக்காரன் பாடு அதைவிட மோசம், வெடிபொருளுக்குன்னு தனி கிடங்கு, தனி லைசென்ஸ், அனுப்புறதுக்கு தனி லாரி. எதுக்குடா வம்புன்னு பல கடைக்காரங்க வெக்கிறதையே விட்டாங்க. பென்சில்வேனியால மூசிக் ஊர்ல இருந்த டூபாண்ட் கரிமருந்து ஆலையும் 1973ல கை மாறிடுச்சு, வாங்கினவங்க மருந்து தான் கோயெக்ஸ்னு வந்தது.

இந்த இடத்துல தான் டான் பாலக் வர்றார். பைரோடெக்ஸ் அவர் மூளையில பொறந்தது, ஹாட்ஜ்டன் கம்பெனி மூலமா 1976ல விற்பனைக்கு வந்துச்சு. உள்ள அதே வெடியுப்பு கரி கந்தகம் தான், கந்தகம் கம்மி, கூட பெர்குளோரேட்டும் வேற சிலதும். புகையும் வரும், கசடும் வரும், கழுவணும். அப்போ என்ன லாபம்னா, பத்திக்க அதிக சூடு வேணும், அதனால கரிமருந்துக்கு உண்டான வெடிபொருள் கெடுபிடி அதுக்குக் கிடையாது, புகையில்லா மருந்து இருக்கிற அலமாரியிலயே கடைக்காரன் வெச்சுக்கலாம். எழுத்தாணி, உங்க 1976 கேள்விக்கு விடை இங்க இருக்கு பாருங்க. புகைக்கு பயந்து யாரும் அதைக் கண்டுபிடிக்கல, கிடங்குக்கும் காகிதத்துக்கும் பயந்து கண்டுபிடிச்சது. அப்புறம் பழைய பல்க் மருந்து தந்திரம் தான் இங்கயும், அதே குப்பி, அதே அளவு, எடை மட்டும் கம்மி. தராசுல நிறுத்தா தப்பாப் போயிடும், குப்பியில அளந்தா சரி.

பாலக் அதை ரொம்ப நாள் பார்க்கல. 1977 ஜனவரியில வாஷிங்டன் மாநிலம் இசக்வால அவரோட ஆலையில விபத்து, அவரும் கூட வேலை பார்த்த 3 பேரும் போயிட்டாங்க. பத்திரமான மருந்து செய்யப் போனவர் கதை இப்படி. ஹாட்ஜ்டன் பிறகு கன்சாஸ்ல ஹெரிங்டன்ல ஆலை போட்டு தொடர்ந்தாங்க.

அதிக சூடு வேணும்ங்கிறதுல ஒரு பக்க விளைவும் உண்டு. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில கல்லு இரும்புல உரசி விழுற பொறிக்கு பைரோடெக்ஸ் ஒழுங்கா பத்திக்காது. கல்லு துப்பாக்கிக்காரன் இன்னைக்கும் பெரும்பாலும் கரிமருந்துக்குத் தான் அலையுறான். பைரோடெக்ஸுக்கு சூடா பத்த வெக்கிற கேப், அதாவது அடிச்சா தீ விடுற சின்ன உலோக மூடி வேணும், 1985ல டோனி நைட் கொண்டு வந்த எம்கே 85 மாதிரி கேப் நேரா குழலுக்குப் பின்னாடி உக்கார்ற இன்லைன் துப்பாக்கிகளுக்கு அது கையுறை மாதிரி பொருந்திடுச்சு. 1990கள்ல அதையே உருளை வில்லையா அழுத்தி வித்தாங்க, குப்பியே வேணாம், ரெண்டு வில்லையைப் போடு, குண்டை இறக்குன்னு.

நடுவுல வைட்டமின் சி கூட்டம் ஒண்ணு வந்துச்சு, நிஜமாத் தான் சொல்றேன், கரிக்கும் கந்தகத்துக்கும் பதிலா அஸ்கார்பிக் அமிலம், ஜலதோஷத்துக்கு சாப்பிடுறோமே அதே தான். முட்டை நாத்தம் போச்சு, தண்ணியிலயே கழுவலாம், ஆனா ஈரத்தை இழுத்துக்கிட்டு கட்டி தட்டுறது அந்த ரகத்துக்கு ஒரு வியாதி. கந்தகமே இல்லாம ட்ரிபிள் செவனும் 2000கள் தொடக்கத்துல வந்தது, கழுவ சுலபம், ஆனா பைரோடெக்ஸை விட வலு ஜாஸ்தி, "அதே குப்பி அதே அளவு" இதுக்கு செல்லாது, கம்பெனிக்காரனே குறைச்சுப் போடச் சொல்லியிருக்கான்.

---

கொக்கி பதில்:

அண்ணா ரெண்டு குடும்பம் தனித்தனின்னு ஆரம்பிச்சீங்க, அப்போ பிளாக்ஹார்ன் 209 எந்தக் குடும்பம்? அது நைட்ரோசெல்லுலோஸ் தானே, கரிமருந்து மாற்றுன்னு தானே விக்கிறான்? அப்புறம் சாவேஜ் துப்பாக்கியை விட்டுட்டீங்க. உங்க கோடு அழிஞ்சு போச்சு போல இருக்கே 😄

---

பழைய_இரும்பு பதில்:

கொக்கி போடுவீங்கன்னு தெரியும், பேரே அப்படி. நான் சொன்ன கல்யாண சம்பந்தம் அது தான்.

சாவேஜ் 10எம்எல், 2000ல வந்தது, ஹென்றி பால்ங்கிற துப்பாக்கி வேலைக்காரரோட யோசனை. புகையில்லா மருந்துக்கு ஏத்த மாதிரி துப்பாக்கியை மாத்தினார் அவர், நவீன ரைபிள் இரும்பு, நவீன பூட்டு, வாய் மட்டும் பழைய வாய். அதுலயும் கையேட்டுல பேர் போட்ட சில மருந்து தவிர வேற எதுவும் கூடாது. 2010ல நிறுத்திட்டாங்க. எழுத்தாணி, நீங்க படிச்ச ரெண்டு வரியும் உண்மை தான், ஒண்ணு ஊர்ல இருக்கிற எல்லா மஸில்லோடர் பத்தி, இன்னொண்ணு இந்த மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய தனி ரகம் பத்தி.

பிளாக்ஹார்ன் 2008ல வெஸ்டர்ன் பவுடர்ஸ் கொண்டு வந்தது. உள்ள நைட்ரோசெல்லுலோஸ் தான், மறுக்கல, ஆனா துளை துளையா லேசா செஞ்சு, கரிமருந்து அளவுக் குப்பியிலயே அளக்கிற மாதிரி, சாதாரண இன்லைன் தாங்கற அழுத்தத்துக்குள்ள எரியுற மாதிரி கட்டினது. புகை கம்மி, கசடு கம்மி, துரு ஏத்தாது, பத்த வெக்க ஷாட்கன் தோட்டாவுல வர்ற 209 பிரைமர் வேணும், பேர்லயே அந்த நம்பர். ஷுல்ட்ஸ 1860கள்ல மரத்தை வெச்சு என்ன செஞ்சாரோ அதே தான் இது, எனக்கு அதைப் பார்த்தப்போ சிரிப்பு தான் வந்துச்சு, 140 வருஷம் சுத்தி அதே குப்பிக்கு வந்து நிக்கிறோம். ஒத்துக்கிறேன், கோடு இங்க கலங்கித் தான் போகுது. அமெரிக்கால மஸில்லோடர் வேட்டைக்கு தனி சீசன் வெக்கிற மாநிலங்கள் இதால மண்டையைப் பிச்சுக்குது, கொலராடோ மாதிரி இடத்துல புகையில்லா மருந்தும் கிடையாது, வில்லையும் கிடையாது, தூளா அள்ளிப் போடுன்னு சட்டம்.

---

அமிலக்குடுவை பதில்:

ஒரு சேர்க்கை. மாற்று மருந்து போட்டா கழுவ வேணாம்னு சில பேர் நம்புறாங்க. நான் ஒரு தடவை சோம்பேறித்தனமா காலையில பார்த்துக்கலாம்னு சுவத்துல சாத்தி வெச்சேன், காலையில விளக்கு அடிச்சுப் பார்த்தா குழலுக்குள்ள செம்மண் ரோடு. பெர்குளோரேட் எரிஞ்சா பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும், அதுவும் ஒரு உப்பு தான், காத்துல ஈரம் இருந்தா இரும்பைத் தின்னுடும். எண்ணெய் விட்டா போகாது, தண்ணியில தான் கரையும். தப்பு மருந்து மேல இல்ல, என் மேல தான்.

---

எழுத்தாணி பதில்:

அண்ணன்மாருக்கு கோடி நன்றி, ஒரு கட்டுரைக்கு வந்தேன் மூணு கட்டுரைக்கு சரக்கு கிடைச்சிடுச்சு. அந்தக் குப்பி விஷயத்தை வெச்சு தான் பகுதியையே கட்டப் போறேன். கடைசியா ஒரு மொழி சந்தேகம், நான் தலைப்புல "புகையிலா மருந்து"ன்னு போட்டிருந்தேன், நேத்து சரிபார்த்தவர் அதை எழுத்துப் பிழைன்னு நினைச்சு "புகையிலை மருந்து"ன்னு திருத்திட்டுப் போயிட்டார் 🤦 வேற என்ன போடலாம்?

---

நைட்ஷிப்ட் பதில்:

ஹாஹா வெத்தலைக்குள்ள வெச்சுடுவாங்க. "புகையில்லா"ன்னு ஒத்து வெச்சு எழுதுங்க, இல்ல "புகையற்ற மருந்து"ன்னு போடுங்க.

---

பழைய_இரும்பு பதில்:

ஆமா "புகையற்ற மருந்து" நல்லாருக்கு, அதை வெடிபஞ்சு குடும்பத்துக்கு வெச்சுக்கோங்க. பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன், வைட்டமின் சி எல்லாம் "கரிமருந்து மாற்று"ங்கிற தலைப்புல தனியா போடுங்க. பிளாக்ஹார்னை ரெண்டுலயும் போட்டு இங்க பார்க்க அங்க பார்க்கன்னு ஒரு சுட்டி குடுத்துடுங்க, கொக்கி எப்படியும் வந்து திருத்துவார்.

---

கொக்கி பதில்:

இப்பவே பக்கத்தை கவனிப்புப் பட்டியல்ல போட்டாச்சு 😄